பாலத்துக்கு இந்தப் பக்கம் 800 கிலோமீட்டர்

எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு வெளியான மறுநாளே எங்கள் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். மூவரும் என் மகளை வாழ்த்தினார்கள். மூவரும் பசியாறினார்கள். மூவரும் சிங்கப்பூரில் ஒரு வேலையைக் கைவசம் வைத்திருந்தார்கள்.

கூலாயில் இது அதிசயமில்லை. மற்ற மாநிலங்களில் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கு இரண்டு கவலைதான்: இடம் கிடைக்குமா, பணம் போதுமா? ஜொகூரில் இருக்கும் எங்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. அது நாணய மாற்று விகிதம். தினமும் காலையில் கைப்பேசியில் மற்றவர்கள் இராசிபலன் பார்ப்பார்கள். எங்கள் தாமானில் சிங்கப்பூர் டாலர் இன்று எவ்வளவு என்று பார்ப்பார்கள்.

வந்தவர்களில் ஒருவர் என் மைத்துனர். ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்கிக்கொண்டார். "என் மகன் எஸ்.பி.எம். முடிச்சதும் போனான் மச்சான். இப்ப 1,800 டாலர். மூணு வெள்ளி இருபது காசுன்னு வச்சாலும் 5,760 வெள்ளி" என்று எழுதினார். நம் நாட்டில் 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. அதைப் பக்கத்தில் எழுதி, மூன்று மடங்குக்கு மேல் என்று கோடு போட்டார். பிறகு நான்கு ஆண்டுப் படிப்பு என்றால் 48 மாதம் என்று பெருக்கி, 2 லட்சத்து 76 ஆயிரத்து 480 வெள்ளி என்று வட்டமிட்டார். "பிள்ளையைப் படிக்க அனுப்புனா இவ்வளவும் போச்சு. கடன் வேற. இரயில் வேற வரப்போகுது, புக்கிட் சாகார்ல ஏறுனா அஞ்சு நிமிஷத்துல உட்லண்ட்ஸ்" என்றார்.

என் மனைவி அந்தத் தாளை, வீட்டுக் கடன் தவணை முடிந்த கடிதத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள்தான் தாளை இழுத்து, "மாமா, வரவு மட்டும் எழுதியிருக்கீங்க. செலவுப் பக்கம் எங்கே?" என்று கேட்டாள். வாடகை, சாப்பாடு, பெட்ரோல், மோட்டார் தவணை என்று அவள் எழுதத் தொடங்கியதும் மைத்துனருக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

இந்த மாற்று விகிதத்துக்கும் ஒரு வரலாறு உண்டு, மாணவர்களே. 1973 மே மாதம் வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் டாலரும் ஒன்றுக்கு ஒன்று. இங்கே இருக்கும் காசை அங்கேயும், அங்கே இருக்கும் காசை இங்கேயும் அப்படியே செலவழிக்கலாம். அந்த ஏற்பாடு முடிந்த பிறகு இரண்டும் தனித்தனி வழியில் நடந்தன. ஒன்று மெல்ல மேலே ஏறியது. நான் பிறந்ததற்குப் பிறகு நடந்த கதை இது. என் தலைமுறையின் வேலை, கல்யாணம், வீடு எல்லாவற்றையும் அந்த இடைவெளிதான் தீர்மானித்தது.

நானும் அந்தப் பாலத்தில் போகிறவன்தான். 23 ஆண்டுகளாக. காலை நான்கு மணிக்கு எழுந்து, மழைச்சட்டை போட்டு, மோட்டார் வரிசையில் நிற்கிறேன். 1924-இல் திறந்த அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம். சில காலைகளில் அந்த ஒரு கிலோமீட்டரைக் கடப்பதற்குள் ஒரு தமிழ்ப்படத்தில் இடைவேளையே வந்துவிடும். பாலத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வீடு, மகளின் மூக்குக் கண்ணாடி, அவள் டியூஷன், மடிக்கணினி, என் அம்மாவின் கண் அறுவை எல்லாம் அதன்மேல்தான் வந்தன. ஆனால் அந்த வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் இருபது வயதுப் பையன், எனக்குப் பின்னால் ஐம்பத்தைந்து வயது அண்ணன், நடுவில் நான். மூவருக்கும் ஒரே மணி, ஒரே மழை. பையனிடம் உடம்பு இருக்கிறது. அண்ணனிடம் தைலம் இருக்கிறது. இந்தக் காட்சியை மைத்துனரின் தாளில் எங்கே எழுதுவது என்று தெரியாததால் நான் பேசாமல் இருந்தேன்.

மகளுக்கு எஸ்.பி.எம்.மில் 7ஏ. மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பித்தாள். அதில் பூமிபுத்ரா அல்லாதாருக்குப் பத்து விழுக்காடு இடம். சீனர், இந்தியர் எல்லாரும் அந்தப் பத்துக்குள் ஏறவேண்டும். தீபாவளிக்கு முதல்நாள் லார்கினில் கடைசிப் பேருந்தின் கடைசி வரிசை என்றால் உங்களுக்குப் புரியும். எஸ்.பி.எம்.மில் 10ஏ எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் தரப்படும் என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தபோது வீட்டில் மூன்று பேரும் மகளைப் பார்த்தோம். "என்னைப் பார்த்தா ஏழு பத்தாயிடுமா?" என்று கேட்டுவிட்டு ஆறாம் படிவத்தில் போய்ச் சேர்ந்தாள்.

ஆறாம் படிவத்தைப் பலர் ஏதோ மிச்சம் மீதி என்பதுபோலப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெட்ரிகுலேஷன் ஓராண்டு, இது ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை, ஒவ்வொரு தவணைக்கும் தேர்வு. வீட்டிலிருந்தே போகலாம், செலவு குறைவு. என் பார்வையில் இதன் பெரிய நன்மை வேறு: அந்த ஒன்றரை ஆண்டில் பிள்ளை தனக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துவிடுகிறது. என் மகள் கணக்கியல் என்று கண்டுபிடித்தாள். அவள் அம்மாவிடம் சந்தைச் செலவுக்கு ரசீது கேட்க ஆரம்பித்ததும் நாங்களும் கண்டுபிடித்துக்கொண்டோம்.

அடுத்து யுபியு. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான இணைய விண்ணப்பம். பன்னிரண்டு துறைகள் வரை வரிசைப்படுத்தலாம். தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. பள்ளியில் சனிக்கிழமை பயிற்சிக்குப் போகச் சோம்பல் படும் தம்பி தங்கைகள் அந்தப் பத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். மகளின் சாரணர் இயக்கச் சான்றிதழ்களை அவள் அம்மா மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பில் வைத்திருந்தாள். மஞ்சள் வாசனையோடு பதிவேற்றம் ஆனது.

அந்தப் பன்னிரண்டில் எனக்கும் ஒரு விருப்பம் இருந்தது. யுடிஎம் 1985-இல் தன் முதன்மை வளாகத்தைக் கோலாலம்பூரிலிருந்து ஸ்கூடாய்க்கு மாற்றியது. என்னைக் கேட்டால் அது எங்கள் குடும்பத்துக்காகத்தான். வீட்டிலிருந்து மோட்டாரில் அரை மணி நேரம். மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அது வேண்டாமென்றால் பத்து பஹாட் பக்கம் பாரிட் ராஜாவில் யுடிஎச்எம் இருக்கிறது. சனி, ஞாயிறு வந்துவிடலாம். மகள் முதல் இடத்தில் வைத்தது சிந்தோக்.

சிந்தோக் எங்கே என்று வரைபடத்தில் தேடினேன். விரலை ஜொகூரில் வைத்து மேலே தள்ளத் தள்ள நாடே முடிந்துவிட்டது. கெடாவின் வட கோடி. யுயுஎம், அதாவது வட மலேசியப் பல்கலைக்கழகம், நிர்வாகக் கல்விக்கென்றே 1984-இல் தொடங்கி, 1990-இல் அந்த மலைக்காட்டு வளாகத்துக்குப் போனது. கணக்கியலுக்கு அதுதான் தனக்குப் பொருத்தம் என்று அவள் காரணங்களை வரிசையாகச் சொன்னாள். ஒன்றும் பேச முடியவில்லை. "இதைவிடத் தூரமா ஒண்ணும் கிடைக்கலையா?" என்று மட்டும் கேட்டேன். "சபா இருக்குப்பா" என்றாள். சிந்தோக் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியது.

இடம் கிடைத்தது. வீடு முழுக்க சந்தோஷம், என் அம்மாவைத் தவிர.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பேத்தி எங்கே போகிறாள் என்று கேட்டார். கெடா என்றேன். கெடாவில் எங்கே என்றார். தம்பிக்காரன், என் இளைய மகன், பாட்டியிடம் வரைபடத்தைக் காட்டி, "இதோ கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் தாய்லாந்து" என்று விளக்கினான். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சயாம் பக்கமா? வேண்டாம்" என்றார்.

இந்த 'சயாம்' என்ற சொல்லை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் ஒரு மாதிரியாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1942, 43-இல், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். வாந்திபேதி, மலேரியா, பட்டினி. போனவர்களில் பெருந்தொகையானோர் திரும்பவில்லை. என் அம்மாவின் அப்பா அவர்களில் ஒருவர். அம்மா அப்போது கைக்குழந்தை. அவர் முகம் அம்மாவுக்குத் தெரியாது. ஒரு படமும் கிடையாது. குடும்பத்தில் அவரைப் பற்றி இருக்கும் ஒரே தகவல், லாரி வடக்கே போனது என்பதுதான்.

ஆகவே எண்பது வருடம் கழித்து இந்தக் குடும்பத்திலிருந்து இன்னொரு ஆள் வடக்கே போகிறது என்றால், அது படிக்கவா, கணக்கியலா, நான்கு ஆண்டா என்பதெல்லாம் அம்மா காதில் ஏறவில்லை. சிங்கப்பூர் என்றால் பயமில்லை. மகன் 23 வருடமாகப் போய்விட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறானே. அம்மாவும் மைத்துனரும் முதன்முறையாக ஒரே கட்சியில் சேர்ந்தது அப்போதுதான். மகள் வாதாடவில்லை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "நான் தினமும் போன் போடுறேன். முகம் பார்த்துப் பேசலாம். ஒரு நாள் போடலைன்னா நீங்களே ஆள் அனுப்பிக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க" என்றாள். எழுத்தில் வேண்டும் என்று பாட்டி கேட்காததுதான் பாக்கி.

பணத்துக்கு வருவோம். 1997-இல் அமைத்த பிடிபிடிஎன், அதாவது தேசிய உயர்கல்விக் கடன் நிதி, நம் பிள்ளைகளில் பலருக்கு வழித்துணை. ஆண்டுக்கு ஒரு விழுக்காடு கட்டணம். இளங்கலைப் பட்டத்தில் முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1,500 வெள்ளி வரை முன்பணமும் உண்டு. அது கடனில் கழிந்துவிடும். குடும்ப வருமானம் ஏற ஏறக் கடன் தொகை குறையும்.

இங்கேதான் மாற்று விகிதம் மறுபடியும் வந்து வாசலில் நின்றது. என் சம்பளச் சீட்டில் 2,400 டாலர். விண்ணப்பம் கேட்பது வெள்ளியில். மகள் 3.20-ஆல் பெருக்கினாள்: 7,680 வெள்ளி. அந்தத் தொகையைத் திரையில் பார்த்து என் மனைவி, "என்னங்க, இவ்வளவு பணக்காரங்களா நாம? எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள். 23 வருடத்தில் முதன்முறையாக நான் ஒரு வசதியான மனிதனாக எழுத்தில் பதிவானேன். அதன் பலன், முன்பணம் நமக்கில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை, கணக்கு கணக்குத்தான். கடனில் வருவது போக மீதியைச் சமாளிக்க வேண்டிய தொகையை மகளே ஒரு பட்டியலாகப் போட்டாள். பாட்டி தன் முந்தானை முடிச்சிலிருந்து இருநூறு வெள்ளி எடுத்துக் கொடுத்தபோது அதையும் 'இதர வருமானம்' என்று எழுதிக்கொண்டாள்.

மருத்துவப் பரிசோதனைப் படிவம், சான்றுறுதி செய்த நகல்கள், நீலப் பின்னணியில் படம் என்று ஒரு வாரம் அலைந்ததை விட்டுவிடுகிறேன். பெட்டி கட்டியதைச் சொல்லவேண்டும். அனுமதிக் கடிதத்தோடு வந்த பட்டியலில் வெள்ளைச் சட்டை, கறுப்புக் காலணி, வாளி, தலையணை உறை. என் மனைவியின் பட்டியலில் நெத்திலி சம்பல், எலுமிச்சை ஊறுகாய், இட்லிப் பொடி, மிளகு ரசப் பொடி, விபூதி, அரிசி குக்கர். அறையில் சமைக்க அனுமதி இல்லை என்று மகள் மூன்று முறை படித்துக் காட்டினாள். "சமைக்கத்தானே கூடாது, வச்சிருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டாள் அம்மாக்காரி. சட்டம் படித்திருக்க வேண்டியவள். குக்கர் மைவியின் பின்னிருக்கையில், தம்பியின் மடியில், கெடா வரைக்கும் போய்க் கூலாய்க்குத் திரும்பி வந்தது. ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் பயணம் செய்த குக்கர் எங்கள் தாமானில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

இரவு பத்து மணிக்குக் கிளம்பினோம். மாச்சாப்பில் ஒரு காப்பி, பாகோவில் தம்பிக்குப் பசி, தாப்பாவில் எல்லாருக்கும் தூக்கம். ஈப்போ தாண்டி மெனோரா குகைப் பாதையில் நுழையும்போது மகள் விழித்திருந்தாள். "ப்பா, பயமா இருக்கு" என்றாள் மெதுவாக, அம்மாவுக்குக் கேட்காமல். தாளில் கணக்குப் போட்டு மாமாவை விரட்டிய பிள்ளை. "திரும்பிடலாமா?" என்று கேட்டேன். "வேண்டாம், சும்மா சொன்னேன்" என்றாள். குரூனில் விடிந்தது. வயல் பச்சையாக இருந்தது. ஜொகூரில் எண்ணெய்ப்பனையே பார்த்த கண்களுக்கு அது வேறு நாடு மாதிரிதான் இருந்தது.

யுயுஎம் வளாகத்தில் தங்கும் விடுதிகளுக்கு 'இனாசிஸ்' என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவனத்தின் பெயர்: பெட்ரோனாஸ், புரோட்டோன், மேபேங்க், இப்படி. மகளுக்குக் கிடைத்தது பெட்ரோனாஸ். பாட்டிக்குப் போன் போட்டு, "பாப்பா பெட்ரோனாஸ்ல தங்குறா" என்று தம்பி சொல்லிவிட்டான். "கணக்குப் படிக்கப் போன பிள்ளைய எண்ணெய் ஸ்டேஷன்ல தங்க வச்சிட்டு வர்றீங்களா?" என்று கேட்ட சத்தம் அந்த மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

திரும்பும் வழியில் காரில் யாரும் பேசவில்லை. தாப்பாவில் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி நான்கு தட்டு எடுத்து வந்தாள். ஒன்றைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள்.

வெளியூரில் படிக்கும் மாணவர்களுக்கு இந்தப் பக்கத்து நிலவரம் கொஞ்சம் சொல்கிறேன், உங்கள் வீட்டில் சொல்லமாட்டார்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று தினமும் கேட்பது உங்களுக்கு எரிச்சல்தான். எங்களுக்கு வேறு கேள்வி தெரியாது. நானோ மனைவியோ பல்கலைக்கழகம் போனதில்லை. உங்கள் விரிவுரை, குழுப் பணி, கிரெடிட் மணி எதிலும் எங்களால் ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்கமுடியாது. தெரிந்த பாடம் சோறு ஒன்றுதான், அதில் கேள்வி கேட்கிறோம். என் மகள் இதற்கு ஒரு வழி கண்டாள். வாரத்துக்கு ஒருமுறை அம்மாவிடம் ஒரு சொல்லை விளக்குவாள். போன மாதம் 'தேய்மானம்'. ஒரு பொருளின் மதிப்பு ஆண்டுக்காண்டு எப்படிக் குறைகிறது என்று சொல்லியிருக்கிறாள். அன்று இரவு மனைவி என்னை மேலும் கீழும் பார்த்து, "23 வருஷம் பாலத்துல ஓடுனதுக்குத் தேய்மானம் எவ்வளவுங்க?" என்று கேட்டாள். மைத்துனரின் தாளில் விட்டுப்போனது அதுதான்.

மைத்துனர் மகனையும் சொல்லவேண்டும். நல்ல பிள்ளை. ஒரு நாள் அதிகாலை மோட்டார் வரிசையில் என் பக்கத்தில் நின்றான். தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கி, "மாமா, பகுதி நேரமா படிக்க முடியுமா? அக்காகிட்ட கேட்டுச் சொல்றீங்களா? அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றான். கேட்டேன். மகள் அவனுக்கு ஆறேழு இணைப்புகள் அனுப்பியிருக்கிறாள். திறந்த பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறான். அவன் அப்பாவுக்கு இந்தச் செய்தி இந்தப் பக்கத்தைப் படித்தால்தான் தெரியும். அவர் விளையாட்டுப் பக்கம் மட்டுமே படிப்பவர்.

முதல் செமஸ்டர் விடுமுறைக்கு மகள் இரவுப் பேருந்தில் வந்து லார்கினில் இறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "அங்கேருந்து சயாம் தெரியுதா?"

மகள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். விடுதிப் பக்கமிருந்து எடுத்தது. காடு, அதற்குப் பின்னால் காலைப் பனியில் மலை. "அந்த மலைப் பக்கம்தான் பாட்டி."

"இரயில் ரோடு?"

"அது இன்னும் ரொம்பத் தூரம். காஞ்சனபுரி பக்கம். வெள்ளைக்காரக் கைதிங்களுக்குப் பேர் போட்ட கல்லறை இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு அநேகமா இல்ல. நூலகத்துல இருந்த புத்தகத்துல படிச்சேன்."

அம்மா அந்தப் படத்தைக் கையில் வாங்கி, கண் அறுவை செய்த பக்கமாகச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். திரை அணைந்ததும் தட்டச் சொல்லி மறுபடியும் பார்த்தார். அப்புறம், "அடுத்த தடவை கொண்டுபோய் விடறப்ப நானும் வர்றேன்" என்றார்.

மைவியில் ஐந்து பேர், நான்கு பெட்டி, அம்மாவின் மருந்துப் பை, வழி நெடுகப் போகவேண்டிய கழிப்பறை. அதோடு இந்த முறை குக்கர் நிச்சயம் வரும் என்கிறாள் மனைவி. அம்மாவுக்குக் கஞ்சி வைக்க வேண்டுமாம். தம்பியைப் பேருந்தில் ஏற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.